மறந்துபோன மெயில் பாஸ்வேர்டை சாஃப்ட்வேர் எடுத்துக் கொடுக்குமா? எங்க வீட்ல நடந்தது

அப்பாவோட பழைய டெஸ்க்டாப்ல ஹார்ட் டிஸ்க் டக் டக்னு சத்தம் போட ஆரம்பிச்சப்பதான் இந்தப் பிரச்சனையே எங்க கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. மெஷின் போனா வேற வாங்கிக்கலாம். ஆனா அதுல தண்டர்பேர்ட்ங்கற மெயில் சாஃப்ட்வேர்ல ஓடிக்கிட்டிருந்த அவரோட மெயில் அக்கவுண்டுக்கு பாஸ்வேர்டு என்னன்னு அவருக்கும் ஞாபகம் இல்ல, எங்க யாருக்கும் தெரியல. 2011-ல அக்கவுண்டைச் சேர்க்கும்போது ஒரு தடவை அவரே டைப் பண்ணாரு, ஞாபகம் வச்சுக்கன்னு ஒரு டிக் போட்டாரு, அவ்வளவுதான், அதுக்கப்புறம் தினமும் காலைல திறந்தா மெயில் வந்துரும். பத்து வருஷத்துக்கு மேல கேட்காத ஒண்ணை யார்தான் ஞாபகம் வச்சிருப்பாங்க.

அந்த அக்கவுண்டைக் கொடுத்தது இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுத்த ஒரு சின்ன கம்பெனி. கனெக்‌ஷனை எப்பவோ மாத்தியாச்சு, மெயில் மட்டும் ஓடிக்கிட்டிருந்துச்சு. பாஸ்வேர்டு மறந்துட்டேன்னு அழுத்தினா வீட்டு லேண்ட்லைன் நம்பருக்கு கூப்பிடுவோம்னு வருது, அந்த லேண்ட்லைனும் இப்ப இல்ல. கஸ்டமர் கேருக்கு நாலு தடவை எழுதிப் பார்த்தேன், பதிலே இல்ல. அதனாலதான் சாஃப்ட்வேர் தேட ஆரம்பிச்சேன். அதுல நான் பட்டதையும் கத்துக்கிட்டதையும் இங்க எழுதுறேன், ஏன்னா இதே நிலைமைல நிறைய பேர் அவசரத்துல இருக்கீங்கன்னு தெரியும், அவசரத்துலதான் தப்பு நடக்குது.

அப்பாவோட டைரில ஒரு பாஸ்வேர்டு எழுதி வச்சிருந்தாரு. அதைப் போட்டோம், தப்புன்னு வந்துச்சு. பெரிய எழுத்துல போட்டோம், சின்ன எழுத்துல போட்டோம், கடைசில புள்ளி வச்சு போட்டோம், ஒரு இருபது தடவை இருக்கும், அப்புறம் வெப்மெயில் பக்கமே கொஞ்ச நேரத்துக்கு உள்ள விடமாட்டேன்னு பூட்டிக்கிச்சு. இதுல ஒரு ஆபத்து இருக்கு, நாம வெளிய நின்னு தட்டத் தட்ட சில சர்வர்ல ஏற்கனவே உள்ள இருக்கற மெஷினையும் சேர்த்து வெளிய தள்ளிரும். நல்லவேளையா அது நடக்கல. மூணு நாலு தடவைக்கு மேல ஊகிச்சு அடிக்காதீங்க, அதுவும் அந்த அக்கவுண்ட் வேற ஒரு இடத்துல இன்னும் திறந்து இருக்குன்னா தொடவே வேண்டாம்.

முதல்ல கிடைச்ச சாஃப்ட்வேர்ல மெயில் அட்ரஸை மட்டும் டைப் பண்ணச் சொல்லுச்சு. பச்சைக் கோடு மெதுவா நகருது, சர்வர்ல சேருதுன்னு போடுது, தேடுதுன்னு போடுது, அஞ்சு நிமிஷம் கழிச்சு பாஸ்வேர்டு கிடைச்சுருச்சுன்னு பெட்டி வந்து முதல் மூணு எழுத்து தெரியுது, மிச்சம் எல்லாம் நட்சத்திரக் குறி. முழுசா பார்க்கணும்னா பணம் கட்டணும். நான் கார்டை எடுத்துட்டேன், உண்மையிலேயே எடுத்துட்டேன். பக்கத்துல உட்கார்ந்திருந்த அப்பா, "டைரில இருக்கறது இந்த எழுத்துல ஆரம்பிக்கலையேப்பா"ன்னு சொன்னாரு. அப்பதான் சட்டுனு தோணுச்சு, உலகத்துல இல்லாத ஒரு அட்ரஸை, கீபோர்டுல கண்டபடி தட்டின எழுத்தை வச்சு அதே பெட்டில போட்டேன். அதே பச்சைக் கோடு, அதே அஞ்சு நிமிஷம், அதுக்கும் பாஸ்வேர்டு கிடைச்சுருச்சு, முதல் மூணு எழுத்தோட. பணம் கேக்கற எந்த சாஃப்ட்வேரையும் இப்படி ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க, இல்லாத அக்கவுண்டுக்கு பாஸ்வேர்டு கண்டுபிடிச்சுக் கொடுத்தா அதோட கதை முடிஞ்சுது.

மெயில் கம்பெனி சர்வர்ல இருந்து உங்க பாஸ்வேர்டை எந்த சாஃப்ட்வேராலயும் எடுத்துட்டு வர முடியாது, ஏன்னா ஒழுங்கா நடத்துற எந்த கம்பெனியும் பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைக்கறதில்ல. அதை ஹாஷ்னு ஒரு கணக்குல போட்டு அரைச்சு வர்ற விடையை மட்டும்தான் வச்சிருப்பாங்க, நீங்க லாகின் பண்ணும்போது நீங்க அடிச்சதையும் அதே மாதிரி அரைச்சு ரெண்டும் ஒண்ணான்னு பார்ப்பாங்க. மாவுல இருந்து திரும்ப அரிசி எடுக்க முடியாதுல்ல, அது மாதிரி. அதனாலதான் எந்தப் பெரிய மெயில் கம்பெனியும் உங்க பழைய பாஸ்வேர்டு இதுதான்னு சொல்றதில்ல, புதுசா வைக்கச் சொல்றாங்க. சரி, ஒவ்வொண்ணா அடிச்சுப் பார்த்தா? வெறும் சின்ன எழுத்துல எட்டு எழுத்து பாஸ்வேர்டுன்னாலே 26 எழுத்துக்கு 20,882 கோடி சேர்க்கை வரும். வினாடிக்கு ஒண்ணுன்னு சர்வர் விட்டாக்கூட எல்லாத்தையும் அடிச்சு முடிக்க 6,600 வருஷம் ஆகும், எந்த சர்வரும் அப்படி விடாது, எங்களை இருபதாவது தடவைலயே நிறுத்திருச்சு.

அப்ப பாஸ்வேர்டு ரெக்கவரி சாஃப்ட்வேர்னு உண்மையானது எதுவுமே இல்லையான்னா, இருக்கு. ஆனா அது செய்யற வேலை வேற. உங்க கம்ப்யூட்டர் ஏற்கனவே எங்கயோ சேமிச்சு வச்சிருக்கற பாஸ்வேர்டை எடுத்துக் காட்டும், அது மட்டும்தான். யோசிச்சுப் பாருங்க, தண்டர்பேர்டோ பழைய அவுட்லுக்கோ தினமும் உங்களைக் கேக்காம சர்வர்ல லாகின் பண்ணுதுன்னா, பாஸ்வேர்டு திரும்ப வாசிக்கற மாதிரி அந்த டிஸ்க்ல இருந்தே ஆகணும். ஸ்க்ரீன்ல கறுப்புப் புள்ளியா தெரியறது பின்னாடி நின்னு பார்க்கறவங்களுக்காக போட்ட திரைதான். நிர் சோஃபர்ங்கறவரு நிர்சாஃப்ட்ங்கற பேர்ல இலவசமா வெளியிடற மெயில் பாஸ்வியூ இந்த வகைதான். எந்த சர்வர்கிட்டயும் போகாது, அந்த மெஷின்ல உள்ள மெயில் சாஃப்ட்வேர் சேமிச்சு வச்சதை மட்டும் ஒரு பட்டியலா காட்டும்.

இது புரியறதுக்கு முன்னாடி நான் இன்னொரு தப்பு பண்ணிட்டேன். ரெண்டாவதா கிடைச்ச ஒரு சாஃப்ட்வேர், ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுன்னு சொல்லுச்சு, என்னோட லேப்டாப்ல ஆஃப் பண்ணி போட்டேன், திறந்துச்சு, ஏதோ எர்ரர் காட்டி மூடிக்கிச்சு. மறந்துட்டேன். ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி, என்னோட சொந்த மெயிலுக்கு தெரியாத டிவைஸ்ல இருந்து லாகின்னு எச்சரிக்கை வந்துச்சு. கை நடுங்கிருச்சு, ஏன்னா பேங்க்ல இருந்து எல்லாத்துக்கும் அந்த மெயில்தான் சாவி. ப்ரௌசர்ல சேமிச்சிருந்த எல்லா பாஸ்வேர்டையும் அது அள்ளிட்டுப் போயிருக்கணும். உடனே அந்த லேப்டாப்ல நெட்டைத் துண்டிச்சேன், மனைவியோட போன்ல இருந்து மெயில் பாஸ்வேர்டை மாத்தினேன், எல்லா டிவைஸ்லயும் சைன் அவுட் கொடுத்தேன். வெறும் பாஸ்வேர்டு மாத்தறது போதாதுங்க, ப்ரௌசர்ல லாகின் நிலையையே திருடிட்டுப் போயிருந்தா சில இடத்துல புது பாஸ்வேர்டுக்கு அப்புறமும் அவன் உள்ளயே இருப்பான். அப்புறம் மெயில் செட்டிங்ஸ்ல ஃபார்வர்டிங்கும் ஃபில்டரும் பார்த்தேன், அங்க எனக்கு சம்பந்தமில்லாத ஒரு ஃபார்வர்டிங் அட்ரஸ் உட்கார்ந்திருந்துச்சு. அதை விட்டிருந்தா நான் எத்தனை தடவை பாஸ்வேர்டு மாத்தினாலும் எனக்கு வர்ற ஒவ்வொரு மெயிலும் அவனுக்கும் போயிருக்கும். லேப்டாப்பை முழுசா அழிச்சுட்டு விண்டோஸைத் திரும்ப போட்டேன்.

திருட்டு சாஃப்ட்வேரும் நல்ல ரெக்கவரி சாஃப்ட்வேரும் செய்யற வேலை ஒண்ணுதான், சேமிச்ச பாஸ்வேர்டை எடுக்கறது. ஒண்ணு உங்களுக்குக் காட்டும், இன்னொண்ணு வேற ஒருத்தனுக்கு அனுப்பும். அதனால ஆன்டிவைரஸ் நல்லதைப் பார்த்தாலும் கத்தும், கெட்டதைப் பார்த்தாலும் கத்தும், அதை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. நான் இப்ப வச்சிருக்கற வழக்கம் என்னன்னா, அதை எழுதினவரோட சொந்த சைட்ல இருந்து மட்டும்தான் இறக்குவேன், ஓட்டறதுக்கு முன்னாடி நெட் கேபிளைப் பிடுங்கிருவேன், வைஃபையையும் அணைச்சிருவேன், காட்டினதைப் பேப்பர்ல எழுதிக்குவேன், சாஃப்ட்வேரை அழிச்சு மெஷினை ஸ்கேன் பண்ணிட்டுத்தான் திரும்ப நெட் கொடுப்பேன். நெட் இல்லாம வேலை செய்யாதுன்னு சொல்ற ரெக்கவரி சாஃப்ட்வேர் எனக்கு வேண்டாம், சேமிச்சது என் டிஸ்க்ல இருக்கும்போது அதுக்கு நெட் எதுக்கு.

இவ்வளவு பண்ணிட்டு கடைசில அப்பாவோட பாஸ்வேர்டு கிடைச்சது எந்த சாஃப்ட்வேர்லயும் இல்ல, தண்டர்பேர்டுக்குள்ளயே. செட்டிங்ஸ் போய் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிங்கற பகுதில கீழ வந்தா சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்னு ஒரு பட்டன் இருக்கு. அதை அழுத்தினா சின்ன ஜன்னல் திறக்கும், அதுல மெயில் வாங்கற சர்வருக்கு ஒரு வரி, அனுப்பற சர்வருக்கு ஒரு வரின்னு இருக்கும், கீழ ஷோ பாஸ்வேர்ட்ஸ். அழுத்தினேன். கண்ணு முன்னாடி வந்து நிக்குது. அப்பா கண்ணாடியை மேல தள்ளிட்டு டைரியைப் பக்கத்துல வச்சு ஒவ்வொரு எழுத்தா விரலை வச்சுப் பார்த்தாரு, அப்படியே அதேதான், ஒரு எழுத்துகூட மாறல. அப்ப ஏன் தப்புன்னு சொல்லுச்சு? அதை காப்பி பண்ணி நோட்பேடுல ஒட்டி எழுத்தைப் பெருசாக்கினோம். நடுவுல இருந்தது ஆங்கில ஓ எழுத்து இல்ல, சைபர். டைரில அப்பா வட்டமா எழுதியிருந்தாரு, நாங்க இருபது தடவையும் அதை எழுத்துன்னே படிச்சிருக்கோம். நீங்களும் எழுதி வச்சது வேலை செய்யலைன்னா சைபரும் ஓ-வும், ஒண்ணும் சின்ன எல்-லும், இதை முதல்ல மாத்திப் பாருங்க.

இன்னொண்ணு அப்புறமா உறைச்சுச்சு. அந்த டிஸ்க் சத்தம் போட்டுக்கிட்டிருந்த பத்து நாளும் நாங்க பாஸ்வேர்டு பின்னாடி ஓடிக்கிட்டிருந்தோம், ஆனா அப்பாவோட அக்கவுண்ட் பாப் முறைல செட் ஆகியிருந்துச்சு, அவர் மெஷின்ல இருந்த செட்டிங்படி மெயிலை சர்வர்ல இருந்து இறக்கிட்டு அங்க அழிச்சிரும். பத்து வருஷ மெயிலும், செத்துப்போன அவரோட நண்பர் எழுதினது உட்பட, அந்த டிஸ்க்ல மட்டும்தான் இருந்துச்சு. பாஸ்வேர்டு கிடைச்சு சர்வருக்குள்ள போயிருந்தாலும் அங்க ஒண்ணும் இருந்திருக்காது. முதல் நாளே தண்டர்பேர்டோட ப்ரொஃபைல் ஃபோல்டரை, அதாவது மெயிலும் செட்டிங்ஸும் இருக்கற ஃபோல்டரை, ஒரு வெளி டிஸ்க்ல காப்பி எடுத்திருக்கணும். அந்த ஃபோல்டருக்குள்ளயே லாகின்ஸ் டாட் ஜேசான், கீ4 டாட் டிபின்னு ரெண்டு ஃபைல் இருக்கும், பாஸ்வேர்டு அதுலதான். சேமிச்ச பாஸ்வேர்டையெல்லாம் பூட்டற பிரைமரி பாஸ்வேர்டுன்னு தனியா எதுவும் வைக்காம இருந்தா அந்த ஃபோல்டரை அப்படியே புது மெஷின் தண்டர்பேர்டுக்கு மாத்தினா பாஸ்வேர்டு தெரியாமலேயே எல்லாம் ஓடும். இதே காரணத்தால அந்த ஃபோல்டர் காப்பியைக் கண்ட இடத்துல போட்டு வைக்கவும் கூடாது, யார் கைல கிடைச்சாலும் அவங்களுக்கும் அது திறக்கும்.

அவுட்லுக், குரோம் எல்லாம் விண்டோஸ்ல இப்படி இல்ல. அங்க சேமிச்ச பாஸ்வேர்டு உங்க விண்டோஸ் லாகினோட சேர்த்துக் கட்டியிருக்கும், ஃபைலை மட்டும் வேற மெஷினுக்குத் தூக்கிட்டுப் போனா ஒண்ணும் வராது. இதைத் தெரிஞ்சுக்க என் தங்கச்சி விலை கொடுத்தா. அவ லேப்டாப்ல விண்டோஸ் பாஸ்வேர்டு மறந்துட்டா, "அண்ணா எப்படியாவது திறந்து கொடு"ன்னு கொண்டு வந்தா, அதுல அட்மின் அக்கவுண்ட் ஒண்ணு தனியா இருந்துச்சு, நான் அதுல போய் அவ பாஸ்வேர்டை வலுக்கட்டாயமா ரீசெட் பண்ணேன். விண்டோஸ் ஒரு எச்சரிக்கை காட்டுச்சு, சேமிச்ச பாஸ்வேர்டெல்லாம் போயிரும்னு, நான் படிக்காம ஓகே கொடுத்தேன். லேப்டாப் திறந்துச்சு. ஆனா அவுட்லுக்ல இருந்த மெயில் பாஸ்வேர்டு, ப்ரௌசர்ல இருந்தது, எதுவும் திறக்கல. மெயில் பாஸ்வியூ ஓட்டினா வரி இருக்கு, பாஸ்வேர்டு கட்டம் காலி. அந்தப் பூட்டோட சாவி அவளோட பழைய விண்டோஸ் பாஸ்வேர்டுல இருந்து செஞ்சது, அதை நான் கழட்டி எறிஞ்சுட்டேன். பழைய பாஸ்வேர்டு ஞாபகம் வந்து அதையே திரும்ப வச்சா சில சமயம் வரும்னு படிச்சேன், அவளுக்கு ஞாபகம் வரல. அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன், இன்னும் உறுத்துது. அதனால மெஷினை ரீசெட் பண்றது, விண்டோஸ் மாத்தறது, பாஸ்வேர்டை அழுத்தி மாத்தறது, இது எதுவும் மெயில் பாஸ்வேர்டை வெளிய எடுக்கற வரைக்கும் செய்யாதீங்க.

சித்தப்பாகிட்ட இன்னும் பழைய கணக்கு மெஷின் ஒண்ணு இருந்துச்சு, விண்டோஸ் எக்ஸ்பில ஓடற அவுட்லுக் எக்ஸ்பிரஸ்ங்கற பழைய மெயில் சாஃப்ட்வேர். அதுல பாஸ்வேர்டைக் காட்டற பட்டனே கிடையாது. அங்க மெயில் பாஸ்வியூ ஒரே நொடில காட்டுச்சு. வேற சில ரெக்கவரி சாஃப்ட்வேர் வேற மாதிரி வேலை செய்யும், மெஷினுக்குள்ளயே ஒரு பொய் மெயில் சர்வரை ஓட்டும், நீங்க செட்டிங்ஸ்ல சர்வர் பேரை 127.0.0.1-னு, அதாவது இதே மெஷின்னு மாத்தி, போற தகவலை மறைச்சு அனுப்பற எஸ்எஸ்எல்லை எடுத்துட்டு மெயில் வாங்கற பட்டனை அழுத்தினா மெயில் சாஃப்ட்வேர் நிஜ சர்வர்னு நினைச்சு பாஸ்வேர்டைச் சொல்லிரும். பாப் முறைல எஸ்எஸ்எல் மாதிரி பாதுகாப்பு இல்லாம 110-ங்கற போர்ட்ல, அதாவது அந்த வழி எண்ல போனா, பாஸ்வேர்டு பெரும்பாலும் அப்படியே வெறும் எழுத்தா போகும், அதனாலதான் இது நடக்குது. பாதுகாப்பான 995 இருக்கும்போது இன்னும் பாதுகாப்பு இல்லாத 110-ல விட்டு வச்சிருக்கவங்க இன்னிக்கே மாத்துங்க, பொது வைஃபைல மத்தவங்க படிக்க வாய்ப்பு இருக்கு.

ஜிமெயில் கேக்கறவங்களுக்கு, இந்த மொத்த வழியும் அங்க பெரும்பாலும் செல்லாது. 2022 மே மாசத்துல இருந்து தனிநபர் ஜிமெயில் அக்கவுண்டுக்கு சாதாரண பாஸ்வேர்டை வச்சு மெயில் சாஃப்ட்வேர் உள்ள போறதை கூகுள் நிறுத்திருச்சு. இப்ப தண்டர்பேர்ட்ல ஜிமெயில் சேர்த்தா கூகுள் பக்கம் திறந்து அங்கயே லாகின் ஆகும், மெஷின்ல சேமிக்கறது டோக்கன்னு ஒரு அனுமதிச் சீட்டு மட்டும்தான். சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்ல போய்ப் பார்த்தா நீளமா புரியாத எழுத்துக்கூட்டம் இருக்கும், அதைப் பாஸ்வேர்டுன்னு நினைச்சு லாகின் பக்கத்துல அடிக்காதீங்க. 16 எழுத்துல ஒண்ணு இருந்தா அது ஆப் பாஸ்வேர்டா, அதாவது ஒரு சாஃப்ட்வேருக்குன்னு கூகுள் தனியா கொடுக்கறதா இருக்கலாம், அதுவும் உங்க மெயின் பாஸ்வேர்டு இல்ல.

இந்த மாதிரி அக்கவுண்டுக்கு சாஃப்ட்வேர் தேடறதை விட்டுட்டு எங்க இன்னும் லாகின்ல இருக்குன்னு தேடுங்க. தங்கச்சியோட ஜிமெயிலும் அப்பவே போயிருந்துச்சு, புது போன்ல இருந்து ரெக்கவரி ரெண்டு தடவை தோத்துச்சு. அப்புறம் டிராயர்ல கிடந்த பழைய டேப்லெட்டை சார்ஜ் போட்டு, வீட்டு வைஃபைல, அதே ப்ரௌசர்ல, ஞாபகத்துல இருந்த மிகப் பழைய பாஸ்வேர்டையும் கொடுத்து மூணாவது தடவை பண்ணோம், திறந்துச்சு. நீங்க வழக்கமா பயன்படுத்தற டிவைஸ், வழக்கமான இடம்னா கூகுள் அதிகமா நம்பும், எந்தக் கேள்வியையும் தெரியாதுன்னு தாண்டாம முடிஞ்ச வரைக்கும் கிட்டத்தட்ட சரியான பதிலையாவது கொடுங்க. ரெக்கவரி நம்பரை யாராவது மாத்திட்டாக்கூட பழைய நம்பருக்கு 7 நாள் வரைக்கும் வெரிஃபிகேஷன் கோடு அனுப்பற வாய்ப்பு இருக்கு, அதனால தள்ளிப் போடாம உடனே பண்ணுங்க. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டுன்னா ரெக்கவரி ஃபார்ம் ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான் கொடுக்கலாம், பாஸ்வேர்டோட இன்னொரு சரிபார்ப்பும் கேக்கற டூ ஸ்டெப் போட்டிருந்தா அந்த ஃபார்ம் வேலைக்கே ஆகாது, அவங்க ரெக்கவரி கோடை ப்ரிண்ட் எடுத்து வச்சுக்கறது ரொம்ப முக்கியம்.

இன்னொரு விஷயம், இதெல்லாம் உங்க அக்கவுண்டுக்கு, இல்லன்னா பக்கத்துல உட்கார்ந்து சரின்னு சொல்றவங்களோட அக்கவுண்டுக்கு மட்டும். நண்பர் ஒருத்தர் மனைவியோட மெயிலை இப்படித் திறந்து கொடுக்க முடியுமான்னு கேட்டாரு, முடியாதுன்னு சொல்லிட்டேன், அது குற்றம், அதுக்கு மேல அது ஒரு மனுஷிக்குச் செய்யற துரோகம்.

அப்பாவோட மெயில் ப்ரொஃபைல் 11 ஜிபி இருந்துச்சு. அந்த டிஸ்க்ல இருந்து அதை எடுக்க ஒரு ராத்திரி முழுக்க ஆச்சு, ரெண்டு ஃபைல் மட்டும் படிக்க முடியல. அப்பா தூங்காம பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாரு. காலைல புது லேப்டாப்ல தண்டர்பேர்ட் திறந்ததும் முதல்ல தன் நண்பரோட பேரைத் தேடினாரு, எல்லாம் வந்துச்சு. அப்புறம் டைரியை எடுத்து அந்தப் பழைய வரியை அடிச்சுட்டு, புதுசா வச்ச பாஸ்வேர்டை அதுக்குக் கீழ எழுதினாரு, சைபர் வர்ற இடத்துல மட்டும் குறுக்க ஒரு கோடு போட்டு.